கழுவி வைத்த கடைக்கு நிவாரணம்

வெள்ளச் சேதம் எழுத வந்தவர் செருப்பில்லாமல் வந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, சீப்பு படாத தாடி, கழுத்தில் துளசிமணி மாலை, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. கார்த்திகை பிறந்துவிட்டால் குற்றாலத்தில் இந்தக் கோலத்துக்குப் பஞ்சமே இல்லை. சபரிமலைக்குப் போகிறவர்களும் போய்விட்டுத் திரும்புகிறவர்களும் அருவியில் குளிக்க வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்த ஒருவர் எங்கள் கடை முன்னால் நின்று, "நிவாரணம் எழுத வந்திருக்கேன், கடைக்காரங்க யாரு?" என்று கேட்டால் உடனே நம்பிவிட முடியுமா?

"கார்டு இருக்கா சார்?" என்று கேட்டேன்.

அம்மா பின்னாலிருந்து என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்தேன். அரசு முத்திரை இருந்தது. படத்தில் இருந்தவர் மழுமழுவென்று சவரம் செய்திருந்தார்.

"போட்டோல தாடி இல்லையே சார்."

"மலைக்குப் போய்ட்டு வந்துட்டா மூஞ்சிலயும் இருக்காதும்மா" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "நேத்து போன்ல என்னை ஏசுனது நீங்கதானா?" என்று கேட்டார்.

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முந்தின நாள் அம்மாவுக்கு ஒரு போன் வந்திருந்தது. கடைச் சேதம் பற்றிப் பேச வேண்டும், ரேஷன் கார்டும் பாங்கு புத்தகமும் எடுத்து வையுங்கள் என்று ஓர் ஆண் குரல். அம்மா அவரை முழுதாகப் பேசவிடவில்லை. "ஏலே, யாருகிட்ட வேலையக் காட்டுத? எம்மக காலேஜு படிச்சவ, ஆடிட்டர் ஆபீசுல வேலை பாக்கா. பாங்கு நம்பர் கேக்கவன் எல்லாம் திருட்டுப்பயன்னு சொல்லிருக்கா. இன்னொரு வாட்டி போனப் போட்ட, போலீசுக்குப் போயிருவேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்ததும் பெருமையாக அதைச் சொன்னாள். நானும் நன்றாகச் செய்தாய் என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. வெள்ளம் வடிந்த கையோடு கடைத்தெருவில் எல்லாருடைய போனுக்கும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த லிங்கைத் தொட்டால் நிவாரணப் பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்று போட்டு, கீழே கை கூப்பிய படம் ஒன்று. ஆளாளுக்கு போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். தொடாதீர்கள், அழித்துவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியைத் தாண்டி கல்லூரிப் படிவரை ஏறியவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குப் பஸ் போர்டு வாசிக்க வரும். அம்மாவுக்குக் கையெழுத்து போட வரும். வங்கியோ ஆஸ்பத்திரியோ தாலுகா ஆபீசோ, எங்கே போனாலும் முன்னால் நிற்பது நான்தான். அதில் எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான். முன்னால் நிற்கிறவள் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் அந்த வரிசைகளில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

எங்களுடையது சிப்ஸ் கடை. மெயின் அருவிக்கு இறங்குகிற வழியில், ஒரு வண்டி நிற்கிற அகலம். அப்பா நேந்திரங்காயைச் சீவி நேராக எண்ணெயில் விழச் செய்வார். அம்மா பொட்டலம் போட்டு வியாபாரம் பார்ப்பாள். சாரல் காலத்தில் ஒரு வியாபாரம், ஐயப்ப சாமிமார் வருகிற காலத்தில் இன்னொரு வியாபாரம். இந்த இரண்டாவது சீசனை நம்பி அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி எண்ணெய் டின், வெல்ல மூட்டை, காய் எல்லாம் இறக்கியிருந்தாள். வறுத்த சிப்ஸை மூடிபோட்ட பெரிய தகர டின்களில் அடைத்து அடுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. அருவி, பாதுகாப்புக்குக் கட்டிய வளைவைத் தாண்டிக் கொட்டி, படிக்கட்டெல்லாம் ஆறாகி, சேறும் மரக்கிளையுமாக எங்கள் கடைக்குள் இடுப்பளவுக்கு வந்து நின்றுவிட்டுப் போனது.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் வீட்டில் செய்த முதல் காரியம், கடையைக் கழுவியது. நான் தென்காசியில் ஆபீசில் இருந்தேன். அப்பா அந்த வருஷமும் மாலை போட்டிருந்தார். சாமிமார் விரதம் இருந்து வாங்கிச் சாப்பிடுகிற பண்டத்தில் சாக்கடைத் தண்ணீர் பட்டுவிட்டது, அது கடைக்குள் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்று அவர் முடிவெடுத்துவிட்டார். டின், மூட்டை, எண்ணெய், காய் என்று சகலத்தையும் அப்பாவும் அம்மாவும் சுமந்துபோய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிற்றாற்றில் போட்டுவிட்டார்கள். பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் தெளித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சாம்பிராணி போட்டு, செங்கோட்டைக்காரர் ஒருவரிடம் கடன் சொல்லி இரண்டு நேந்திரங்குலை வாங்கித் தொங்கவிட்டு, ஐயப்பன் படத்துக்கு மாலை சாத்தியாகிவிட்டது. குளிக்கத் தடை நீங்கிய அன்று காலையில் கடைத்தெருவிலேயே எங்கள் கடைதான் பளிச்சென்று இருந்தது.

நிவாரணம் எழுத வந்தவர் பார்த்தது அந்தக் கடையைத்தான்.

"சேதம் எங்கம்மா?" என்று கேட்டார்.

அப்பா உள்ளேயிருந்து வந்து கும்பிட்டார். "சாமி சரணம்."

"சாமி சரணம்" என்று அவரும் கும்பிட்டார். "சாமி, சேதம் எங்கன்னு கேட்டேன்."

"எல்லாத்தையும் ஆத்துல போட்டுட்டோம் சாமி."

"யாரு போட்டா?"

"நாங்கதான் சாமி. வெள்ளத் தண்ணி பட்டுட்டுல்லா. சாமிமாரு திங்குததுல்லா."

"நீங்க செஞ்சது சரிதான் சாமி. ஆனா நான் பார்த்ததைத்தான எழுத முடியும்? கண்ணால பார்க்காததை எழுத மாட்டேன் சாமி, மாலை போட்டிருக்கேன்."

"நானும் மாலை போட்டிருக்கேன் சாமி. பொய் சொல்ல மாட்டேன் சாமி."

"நீங்க பொய் சொல்லுதீயன்னு நான் சொல்லலையே சாமி."

மாலை போட்டவர்கள் கோபப்படக் கூடாது, கடுஞ்சொல் பேசக் கூடாது. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கும்பிட்டுக்கொண்டே ஒரு சாணும் நகராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவராவது சத்தம் போட்டால்தான் காரியம் நடக்கும் போலிருந்தது.

"சார், வெள்ளம் இந்தத் தெரு முழுக்க வந்துச்சு. எங்க கடைக்குள்ள மட்டும் வராம ஒதுங்கியா போயிருக்கும்?" என்றேன்.

"வந்துச்சும்மா, தெரியும். கடைக்குள்ள தண்ணி வந்ததுக்கு இல்ல, நட்டம் வந்ததுக்குத்தான் உதவித்தொகை. அழிஞ்ச சரக்கு, கெட்டுப்போன சாமான், ஏதாவது ஒண்ணு கண்ணுல காட்டுங்க. போட்டோ எடுக்கணும். நாளைக்கு இந்தப் பக்கம் மறுபடியும் வாரேன். அதுக்கப்புறம் கணக்கு முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

அதிகாரிகள் முதலில் இல்லை என்பார்கள், பிறகு தனியாக வந்து பார் என்பார்கள் என்று எங்கள் ஆபீசுக்கு வருகிற வியாபாரிகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இவர் மாலை போட்டிருப்பதால் கை நீட்ட முடியாமல் இருக்கிறாரோ, மலைக்குப் போய் மாலையைக் கழற்றிய பிறகு போன் வருமோ என்றுகூட யோசித்தேன்.

பக்கத்துக் கடை அண்ணாச்சியுடையது. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கான சோப்பு, சீயக்காய், துண்டு, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் விற்பார். எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஆனால் அப்பா கடை போட்ட நாளிலிருந்து பக்கத்தில் இருப்பவர். அவர் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு துடைப்பத்தைக்கூடத் தொடவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கள் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, "என்னவே, கலியாணம் எதும் வச்சிருக்கியளா?" என்று அப்பாவைக் கேலி செய்ததாக அம்மா சொன்னாள்.

இப்போது அவர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேறு, ஊறி வெடித்த சோப்புப் பெட்டிகள், மண்ணில் புதைந்த துண்டுக் கட்டுகள். "எல்லாம் போச்சு சாமி. ஒரு சோப்புகூடத் தேறாது. ஒண்ணுகூட" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வந்தவர் பையைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். மூலையில், சேற்றில் சாய்ந்தபடி சில தகர டின்கள். அடிப்பக்கம் நீலம்.

எங்கள் கடைக் கதவுக்கு அடித்தது போக மிஞ்சின நீலப் பெயிண்டை அப்பா டின்களின் அடியில் பூசியிருந்தார், துருப்பிடிக்காமல் இருக்க. குற்றாலத்தில் வேறு எந்தச் சிப்ஸ் கடையிலும் அப்படி டின் கிடையாது.

அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். "யம்மா, நம்ம டின்னு அண்ணாச்சி கடைக்குள்ள கிடக்கு. நம்ம நட்டத்த அவரு நட்டமா எழுத வைக்காரு."

"பைய பேசுட்டி. ஆளு காதுல விழுந்துரப் போவுது."

"விழட்டும்."

"நாளைக்கும் நாம அவரு பக்கத்துலதான் கடை போடணும். வாய மூடிக்கிட்டு உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே அண்ணாச்சியின் நாற்காலி முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, எங்க டின்னு உங்க கடைக்கு எப்படி வந்துச்சு?"

"எந்த டின்னு?"

"நீல டின்னு."

"நீலம் உங்க வீட்டு கலராக்கும்? வானங்கூட நீலமாத்தான் இருக்கு. அதுவும் உங்கப்பன் அடிச்சதா?"

நான் சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"உங்கப்பன் தூக்கிப் போட்டதுல நாலஞ்சு, பாலத்துக்குக் கீழ மரவேர்ல சிக்கிக் கிடந்துச்சு. நல்ல தகரம். தண்ணியில போயி யாருக்கு லாபம்? எடைக்காவது போடலாம்னு தூக்கிட்டு வந்தேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் ஒதவும்லா" என்று சேர்த்துக்கொண்டார்.

எடைக்குப் போடுவது முதலில் வந்தது, எங்களுக்கு உதவுவது பிறகு வந்தது. அந்த வரிசையை நான் கவனித்தேன்.

"அப்ப நேத்து அவரு வந்தப்பவே சொல்லிருக்கலாமே, இது பக்கத்துக் கடைக்காரங்களுதுன்னு."

"எனக்கு என் பாடு. நீ கேட்டு நான் சொல்லாம இருந்தனா? சரி, இப்பம் சொல்லுதேன் கேளு. அஞ்சு டின்னையும் கொண்டுபோயி உங்க கடைக்குள்ள கவுத்துப் போடு. என் கடையிலேருந்து நாலு சட்டி சேத்த அள்ளி மேல ஊத்து. அந்தச் சாமி வந்து போட்டோ எடுத்துட்டுப் போவாரு. போன பொறவு கழுவிக்கிடுங்க. படிச்ச பிள்ளைக்கு இதுகூடவா தோணல?"

தோன்றாமல் இல்லை. விடிந்ததிலிருந்து எனக்கும் அதுதான் தோன்றிக்கொண்டிருந்தது. அவர் வாயால் கேட்டதும்தான் உறுத்தியது. இவருக்கு இதில் என்ன லாபம்? பணம் வந்தால் பங்கு கேட்பாரா? இல்லையென்றால் நாங்கள் பொய்யாகச் செய்ததைச் சொல்லிக் காட்டியே காலத்துக்கும் வாயை அடைப்பாரா? ஆனாலும் யோசனை சரியாகத்தான் இருந்தது. நட்டம் உண்மை. வெள்ளம் உண்மை. டின் எங்களுடையது. சேறும் அதே அருவிச் சேறு. இடத்தை மட்டும்தான் மாற்றப் போகிறோம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சீவிக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தார்.

"கழுவின கடையில சேத்த ஊத்தி, வெள்ளம் ஊத்துச்சுன்னு சொல்லச் சொல்லுதியா?"

"வெள்ளம் ஊத்தத்தான செஞ்சுச்சு?"

"ஊத்துச்சு. நான் கழுவிட்டேன். இப்பம் ஊத்துதது நானு."

"எப்பா, அது ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

"மாலை போட்டுக்கிட்டு என்னால ஆவாது. வேணும்னா மலைக்குப் போய்ட்டு வந்த பொறவு ஊத்திக்கிடலாம்."

"அதுக்குள்ள கணக்கு முடிஞ்சிரும்!"

"முடியட்டும்."

"குழுவுக்கு வாராவாரம் என்னத்த எடுத்துக் கட்ட? சரக்குக்கு எங்க போக? அம்மா பேருல வாங்கின கடன். கட்டலைன்னா நாலு பொம்பளைங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவாங்க. உங்க மாலைய அவங்க பாப்பாங்களா?"

அப்பா பதில் சொல்லாமல் அடுத்த காயை எடுத்தார். பதில் சொல்லாமல் இருப்பதும் விரதத்தில் ஒரு வசதி. நான் அம்மாவைப் பார்த்தேன். எழுதப்பட்டால் கடை நிற்கும், எழுதப்படாவிட்டால் பொங்கலுக்குள் ஷட்டரை இறக்கி, வாடகைக் கடையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். எங்களில் அது அதிகம் தெரிந்தவள் அவள். ஆனால் அவள் எந்தப் பக்கமும் பேசாமல் தராசுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கோபத்தில் அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்பாவை மீறியாவது உள்ளே வைத்துவிடலாம் என்று. அவர் எழுந்து வாசலுக்குக் குறுக்கே நின்றார். அடிக்கவோ திட்டவோ இல்லை, நின்றார். நான் டின்னோடு தெருவில் நின்றேன். அருவிக்குப் போகிற சாமிமார் எங்கள் இருவரையும் விலகிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து வந்துவிட்டார் நிவாரணம் எழுதுகிறவர்.

"என்ன சாமி, காட்டுததுக்கு எதும் இருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து அம்மா வெளியே வந்தாள். வந்த வேகத்தில் பக்கத்துக் கடையைப் பார்த்து, தெருவெல்லாம் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி! நீங்க ஆத்துலேருந்து எடுத்துவச்ச எங்க டின்னு மிச்சத்தையும் கொஞ்சம் கொண்டாங்களேன். சாமி பாக்கணுங்காக!"

அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தெருவோரத்தில், எங்கள் கடை வாசலுக்கு வெளியே வைத்தார். அம்மா அவற்றை வாசலுக்கு உள்ளே எடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணாச்சி திருடினார் என்றும் அவள் சொல்லவில்லை, கொடுத்து உதவினார் என்றும் சொல்லவில்லை. 'எடுத்துவச்ச' என்றாள். அதற்குமேல் அவரால் மறுக்கவும் முடியாது.

வந்தவர் பையைத் திறந்து முந்தின நாள் எழுதியதைப் புரட்டினார். "அண்ணாச்சி, நேத்து இந்த டின்னு உங்க கடைக்குள்ளல்லா கிடந்துச்சு?"

"கிடந்துச்சு. நான் டின்ன எழுதச் சொன்னனா? சோப்பு, சீயக்காய், துண்டுன்னுதான சொன்னேன்?"

அவர் தாளைப் படித்தார். நான் தலைகீழாகவே வாசித்துவிடலாம் என்று கழுத்தை நீட்டினேன். உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். டின் அதில் இருந்ததா, இல்லையா, இருந்து அடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வெறும் டின்ன வச்சு என்ன எழுத?" என்று குனிந்து ஒன்றைத் தட்டிப் பார்த்தார். கனமாக இருந்தது. மூடியைத் திருகினார், வரவில்லை. அப்பா சீவுகிற கத்தியின் முதுகால் நெம்பிக் கொடுத்தார். உள்ளே சேற்றுத் தண்ணீரில் ஊறி, பொங்கி, பச்சை பூத்த சிப்ஸ். வந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாமியே" என்றார்.

"இத்தான் சாமி சாமிமாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு போட்டோம்" என்றார் அப்பா.

"எத்தனை டின்னு சாமி போச்சு?"

அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எண்ணலை சாமி. நிறைய இருந்துச்சு. எண்ணாததச் சொல்ல மாட்டேன்."

"அப்ப இங்க இருக்கதத்தான் எழுதுவேன்."

"எழுதுங்க சாமி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

"வேற?"

"வெல்லம் சாமி."

"எங்க?"

"வெல்லம் கரைஞ்சுட்டு சாமி. அத எங்கன போயிக் காட்ட?"

வந்தவருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அவர் கடைக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். மேஜைமேல் எலெக்ட்ரானிக் தராசு, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, புதிது போல் இருந்தது. அதன் பொத்தானை அழுத்தினார். எரியவில்லை. மறுபடியும் அழுத்தினார். தூக்கிச் சாய்த்ததும் அடியிலிருந்து ஒரு கோடு சேற்றுத் தண்ணீர் மேஜையில் வழிந்தது.

"இது வேலை செய்யலைன்னு ஏன் சொல்லலை?"

"வெளிச்சம் வரலைன்னாலும் பார்வைக்கு இருக்கட்டுமேன்னு தொடச்சு வச்சேன் சாமி" என்றாள் அம்மா. "சாமிமாரு வாற நேரத்துல தராசு இல்லாத கடைன்னு சொல்லிரக் கூடாதுல்லா."

அவர் தராசையும் எழுதிக்கொண்டார். படம் எடுக்க வேண்டும் என்றார். கடைக்குள் வைத்து எடுப்பதுதான் முறையாம். டின்னை உள்ளே எடுக்கலாமா என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா வாசற்படியை விட்டு நகரவில்லை. வந்தவரே யோசித்து, "கிடந்தது வெளியதான, வெளியவே எடுத்துருவோம்" என்றார். சேறு படிந்த டின்களுக்குப் பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் சுண்ணாம்பு அடித்த கடை, இரண்டு குலை, ஐயப்பன் படம். அந்தப் போட்டோவைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் இவர்கள் டின் வியாபாரம் செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். உரிமையாளரே சுத்தம் செய்துவிட்டதால் மற்ற சேதத்தைப் பார்க்க முடியவில்லை என்று கீழே எழுதினார். அதை மட்டும் என்னிடம் காட்டினார். படித்துப் பார்த்து, சரி என்றேன். அம்மா கையெழுத்து போட்டாள்.

அப்பா மலைக்குப் போய்த் திரும்பி வந்து, தாடியை எடுத்து, பழைய ஆளாகும்வரை ஒன்றும் வரவில்லை. அந்த நாட்களில் வாராவாரம் குழுவுக்குக் கட்ட என் சம்பளத்திலிருந்து எடுத்தோம். நிவாரணம் எழுதியவரும் மாலையைக் கழற்றியிருப்பார் என்று கணக்குப் போட்டு, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் நானே எடுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மகரவிளக்குக்கு முன்னால் அம்மாவின் கணக்கில் பணம் ஏறியது. நான் வங்கிக்கே போய்ப் புத்தகத்தில் அச்சடித்து வாங்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன். நாங்கள் இழந்ததற்கு ஈடில்லை. வெல்லம் வரவில்லை, எண்ணெய் வரவில்லை, எண்ணாத டின்கள் வரவில்லை. ஆனால் ஒரு தராசும், எண்ணெயும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து ஒரு டெம்போவில் பாதி காயும் வாங்க அது போதுமாக இருந்தது. கடைச் சாவியைக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மலையிலிருந்து திரும்பிப் போகிற கடைசி வேன்கள் வந்து நின்றபோது எங்கள் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணாச்சிக்கும் வந்தது. எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. "என்னமோ வந்துச்சு" என்றார் அவர். "எங்களுக்கும் என்னமோ வந்துச்சு" என்றேன் நான். அவர் கடையையும் கழுவி, புது அலமாரி போட்டு, முன்னைவிட அதிகமாகச் சரக்கு அடுக்கியிருந்தார்.

புதுச் சரக்கில் முதல் ஈடு சிப்ஸ் எடுத்ததும் அம்மா ஒரு பெரிய பொட்டலம் கட்டி அண்ணாச்சிக்குக் கொடுத்தனுப்பினாள். "எதுக்கு? அவரு டின்ன எடைக்குப் போடத்தான் எடுத்தாரு. அவரு வாயாலயே சொன்னாரு" என்றேன்.

"எதுக்கு எடுத்தாலும் எடுத்தாருல்லா? ஆத்தோட போயிருந்தா அந்தச் சாமி எதப் பாத்து எழுதியிருப்பாரு?"

"நீ கூப்பிடலைன்னா அவரு குடுத்திருப்பாரா?"

"கூப்பிட்டேன், குடுத்தாரு. நீ பொட்டலத்தக் கொண்டுபோ."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "உப்பு கரிக்கு, உங்கப்பன்கிட்ட சொல்லு" என்றார். நான் திரும்பும்போது, "ஏட்டி, இரு" என்று அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தார். "அம்மாவுக்குக் குடு. எண்ணெய்க் கைக்கு நல்லது."

கடைக்கு வரும் வழியில் அந்தச் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெள்ளத்துக்கு முன்னால் அவர் விற்றுக்கொண்டிருந்த அதே ரகம், பழைய விலை போட்ட உறை. ஒன்றுகூடத் தேறாது என்று தலையில் கை வைத்தவர். உறையில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. ஓரம் மடங்கவில்லை. பரண்மேல் இருந்து தப்பித்த பெட்டியா, வெள்ளத்துக்கு முன்பே வேறு எங்கோ எடுத்து வைத்ததா, இல்லை மொத்த வியாபாரியிடம் பழைய சரக்கே புதிதாக வந்ததா?

அம்மாவிடம் உறையைக் காட்டி, தேதி, விலை எல்லாவற்றையும் படித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவள் என் கையிலிருந்து சோப்பை வாங்கி, உறையைக் கிழித்து என்னிடம் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.

"நல்லா நுரைக்கு" என்றாள்.